கேட்டவரைச் சாட்சியாக்கிய பேச்சு

சின்ன வயதில் ஜும்ஆ குத்பா எனக்குத் தூங்கும் நேரம். ஹஜ்ரத் தமிழில் பயான் செய்யும்வரை எப்படியோ கண்விழித்து உட்கார்ந்திருப்பேன். அவர் அஸாவை ஊன்றி மிம்பர் படியேறி அரபியில் ஆரம்பித்ததும் தலை தானாகத் தொங்கும். பக்கத்தில் இருக்கும் வாப்பா தொடையில் கிள்ளுவார். குத்பா நேரத்தில் பேசக்கூடாது என்பதால் கத்தவும் வழியில்லை. அரபி என்றாலே வெகுகாலம் எனக்கு அந்தக் கிள்ளுதான் ஞாபகம்.

அப்பேர்ப்பட்ட நான், நாற்பது தாண்டிய வயதில், ஓர் அரபிப் பேச்சை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருக்கிறேன். விடிந்ததும் கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திவைத்து, "ஒரு நிமிஷம், இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்" என்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ் பேருரைதான் அந்தப் பேச்சு. ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 9, கி.பி. 632 மார்ச் மாதம். அதன் கருத்து தெரியாத முஸ்லிம் வீடு இருக்காது. நாட்காட்டியில் அச்சிட்டுத் தருகிறார்கள். மீலாது விழா மேடையில் நானே ஒருமுறை ஒப்பித்துப் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். கருத்துதான் தெரியுமே என்று முப்பது வருடம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஹஜ்ரத்திடம் இஷாவுக்குப் பின் வாரம் மூன்று நாள் அரபி இலக்கணமான ஸர்ஃபும் நஹ்வும் படிக்கப் போனேன். இரண்டாம் வருடம் அவர் ஸஹீஹ் முஸ்லிமில் நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹஜ் ஹதீஸை என் முன் வைத்து, "இனி நீரே வாசியும்" என்றார். அன்று போன தூக்கம்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அரஃபாவை ஒட்டிய நமிராவில் ரோமத்தால் ஆன கூடாரம். சூரியன் உச்சி சாய்ந்ததும் நபியவர்கள் கஸ்வா என்ற ஒட்டகத்துக்குச் சேணம் பூட்டச் சொல்லி, அதில் ஏறி, பள்ளத்தாக்கின் நடுப்பகுதிக்கு வருகிறார்கள். பேச்சு ஒட்டகத்தின் மேலிருந்து. மதீனாவிலிருந்து புறப்பட்டபோதே முன்னால், பின்னால், வலம், இடம் என்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆட்கள் என்கிறார் ஜாபிர். வழியில் சேர்ந்தவர்கள் வேறு. திறந்தவெளி, நண்பகல் வெயில், மைக் கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு மனிதர் எப்படிப் பேசுவது?

விடை இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றில் இருக்கிறது. நபியவர்கள் ஒரு வாக்கியம் சொல்ல, குரல் வளம் உள்ள ஒருவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்கிறார். அவர் பெயர் ரபீஆ இப்னு உமையா இப்னு கலஃப். அந்தப் பெயரில் நான் அப்படியே நின்றுவிட்டேன். உமையா இப்னு கலஃப் யார்? பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த எசமான்; 624-இல் பத்ர் போரில் எதிரணியில் நின்று மாண்டவர். அவருடைய மகனின் தொண்டை வழியாகத்தான் அரஃபாவின் வார்த்தைகள் கடைசி வரிசைக்குப் போயின!

அஞ்சல் ஓட்டம்போல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குக் கைமாறும் பேச்சில் நீண்ட வாக்கியம் இருந்தால் பாதி வழியில் உதிர்ந்துபோகும். அதனால்தான் இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சில் அடங்குகிறது. ஒவ்வொரு பகுதியும் "மக்களே" என்ற விளியோடு புதிதாக எழுகிறது. நம்பிக்கையாளர்களே என்றோ குறைஷிகளே என்றோ கூப்பிடாமல், வெறும் மக்களே! தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவரின் விளக்கத்துக்கு அடையாளம் என்று கற்பித்தவரே இங்கே அதைச் செய்து காட்டுகிறார்.

நாட்காட்டியில் அச்சிடுவதுபோல் முழுப் பேச்சும் ஒரே மூலத்தில் கிடைப்பதில்லை. ஜாபிர் அரஃபாவில் கேட்டதைச் சொல்கிறார். அபூபக்ரா (ரலி) மறுநாள் மினாவில் கேட்டதைச் சொல்வது புகாரியில் இருக்கிறது. அரபிக்கும் அரபியல்லாதவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நாம் பெருமையோடு சொல்லும் பகுதி, பெருநாளை அடுத்த தஷ்ரீக் நாட்களின் நடுவில் பேசியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. கேட்டவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த பேச்சு இது. இது எனக்குக் குறையாகவே படவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்த இடம். உயிரும் உடைமையும் புனிதம் என்று சொல்லும் பகுதி. அதில் வரும் பெயர்ச்சொற்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: ரத்தம், பொருள், நாள், மாதம், ஊர். அரபியில் இந்த ஐந்தின் வாலிலும் ஒரே விகுதி: "கும்". உங்களுடைய என்று அர்த்தம். திமாஅகும், அம்வாலகும், யவ்மிகும், ஷஹ்ரிகும், பலதிகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முரசு அடிப்பதுபோல் விழும். பின் மூன்றோடும் "ஹாதா", அதாவது "இந்த", சேர்ந்து வந்து ஒலியைப் பூட்டுகிறது. நாள், அதைவிடப் பெரிய மாதம், பிறகு காலத்தைத் தாண்டி இடம். சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு மூன்றே படி.

ஓசை நயம் என்று இதைக் கடந்துபோக இருந்தேன். ஹஜ்ரத் பிடித்துக்கொண்டார். "கும்மை விட்டுட்டீரே! யாருடைய ரத்தம்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக "எங்கள் ரத்தம், அவர்கள் ரத்தம்" என்று கணக்கு வைத்துப் பழிதீர்த்தவர்கள். பக்கத்தில் இருப்பவன் போன வருடம்வரை பகைக் குலத்தவன். அவனைக் கொல்லாதே என்று சொல்லியிருந்தால் அது ஒரு கட்டளை, அவ்வளவுதான். இங்கே அவனுடைய ரத்தத்துக்கே "உங்கள் ரத்தம்" என்று பெயர் விழுகிறது. ஒரே விகுதிக்குள் இரண்டு குலமும் அடங்கிவிட்டன. பிரித்துச் சொல்ல இலக்கணத்திலேயே இடம் இல்லை. அடடா!

அடுத்து உவமை. அரபியில் "போல" என்பதற்கு "க" என்ற ஓர் எழுத்து போதும். அந்த ஓரெழுத்து உவம உருபை வைத்துக்கொண்டு ஒரு தராசே கட்டப்படுகிறது. ஒரு தட்டில் மனிதனின் ரத்தம். மறு தட்டில் துல்ஹஜ் நாளும், மாதமும், மக்கா நகரும். தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளக்குவதுதானே உவமையின் வேலை? ஹரமில் வேட்டையாடக்கூடாது, புனித மாதத்தில் வாள் எடுக்கக்கூடாது என்பது அந்த மக்களுக்கு இஸ்லாத்துக்கு முன்பே ரத்தத்தில் ஊறிய வழக்கம். தகப்பனைக் கொன்றவனை ஹரமுக்குள் பார்த்தாலும் தொடமாட்டார்கள். அந்தப் பழைய அச்சத்தை அப்படியே தூக்கி, வருடம் முழுக்க, எந்த ஊரிலும், எந்த மனிதன் மேலும் போர்த்திவிடுகிறது அந்த "க".

நமக்கு ஹராம் என்றால் தடுக்கப்பட்டது, ஹரம் என்றால் மக்காவின் புனித எல்லை, இஹ்ராம் என்றால் ஹாஜிகள் உடுத்தும் வெள்ளை, முஹர்ரம் ஒரு மாதம். எல்லாம் ஒரே வேர்: ஹா, ரா, மீம். புனிதமானது எதுவோ அதுவே தொடக்கூடாதது. ரத்தம் ஹராம் என்று அந்தப் பேச்சு சொல்லும்போது சொல்பவரும் கேட்பவரும் இஹ்ராம் துணியில் இருக்கிறார்கள், ஹராமான மாதத்தில் இருக்கிறார்கள். சொல்லின் பொருளை அவர்கள் உடம்பிலேயே உடுத்தியிருந்தார்கள்.

மறுநாள் மினாவில் இதே செய்தி கேள்வியாக வருகிறது. இது என்ன நாள் என்று நபியவர்கள் கேட்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும், துல்ஹஜ் பத்து, பெருநாள். இருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. நபியவர்களும் மௌனமாகவே இருக்கிறார்கள். நாளுக்கு வேறு பெயர் வைக்கப்போகிறார்களோ என்று நினைக்கும் அளவுக்கு அந்த மௌனம் நீண்டது என்கிறார் அபூபக்ரா. பிறகு, இது குர்பானி நாள் இல்லையா என்று நபியவர்களே கேட்க, ஆம் என்கிறார்கள். அடுத்து மாதம், அடுத்து ஊர். ஒவ்வொன்றுக்கும் கேள்வி, மௌனம், ஆம். மேடைப் பேச்சாளர்கள் கைத்தட்டலுக்காகக் கேள்வி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே கேள்வி, கேட்பவரின் மனசைக் காலிசெய்து இடம் பண்ணுகிறது. மூன்று முறை ஆம் என்று சொன்னவன் நான்காவதை எப்படி மறுப்பான்? ஊர், நாள், மாதம் புனிதம் என்று அவனே ஒப்புக்கொண்ட பிறகுதான் ரத்தமும் பொருளும் மானமும் தராசில் வைக்கப்படுகின்றன.

"மவ்ளூஃ" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸுக்கு மவ்ளூஃ என்று பெயர். எனக்கு அது மட்டும்தான் தெரியும். பேருரையில் அறியாமைக்காலப் பழிகள் மவ்ளூஃ என்று வந்ததும் முழித்தேன். ஹஜ்ரத் தன் குடையை எடுத்துத் தரையில் வைத்தார். "வைத்தேனா? இதுதான் மவ்ளூஃ. கீழே வைக்கப்பட்டது." வேர்ப்பொருள் அவ்வளவு எளிமை. அதோடு, தன் இரு பாதங்களுக்குக் கீழே என்றும் ஒரு சொல் சேர்கிறது. ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து பேசுபவரின் பாதம் எங்கே இருக்கும்? எல்லார் கண்ணும் போகும் உயரத்தில். நூற்றாண்டுப் பகை ஒன்று அந்தக் காலடியில் போடப்படுவதைக் கூட்டம் கண்ணால் பார்த்திருக்கும்.

முதலில் யாருடைய கணக்கு தள்ளுபடி? தன் வீட்டுக் கணக்கு. பெரிய தந்தை ஹாரிஸின் மகன் ரபீஆவின் குழந்தை, பாலூட்டும் குடும்பத்தில் வளர்ந்தபோது ஹுதைல் குலத்தாரால் கொல்லப்பட்டது. அந்த ரத்தப்பழிதான் முதலில் கீழே வைக்கப்படுகிறது. வட்டியில் முதலில் ரத்தாவது சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டி. "கும்" என்று உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பேச்சு, இழப்பு என்று வந்ததும் "நா"வுக்கு, நம்முடைய என்பதற்கு, மாறுகிறது. ஊருக்கு உபதேசம் என்று ஒருவரும் முணுமுணுக்க முடியாது.

பெண்களைப் பற்றிய பகுதி இரண்டு இடைச்சொற்களில் நிற்கிறது. "லி" என்றால் "க்கு". "அலா" என்றால் "மேல்". உங்களுக்கு அவர்கள் மேல் உரிமை, அவர்களுக்கு உங்கள் மேல் உரிமை. இரண்டு சொல்லும் இடம் மாறி நிற்கின்றன. கண்ணாடியில் தெரிவதுபோல் வாக்கியம் திரும்பிவிடுகிறது. தமிழிலும் கடன்கணக்கை இப்படித்தான் சொல்வோம்: எனக்கு வரவு, உன் மேல் கடன். அந்தக் காலத்துக் காதுக்கு இரண்டாவது பாதி எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! இதே பகுதியில் கணவனுக்குத் தரப்படும் அதிகாரம் பற்றி இன்று வாதம் நடக்கிறது. அதை மூடி மறைத்துவிட்டுப் புகழவேண்டிய தேவை எனக்கில்லை. வாக்கியத்தின் அமைப்பு என்னை மயக்கியது என்பதைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு உருக்கத்துக்கு நடுவே ஓர் அதிகாரியின் கறாரும் இருக்கிறது. அரபிகள் வசதிக்காக மாதங்களை முன்பின்னாகத் தள்ளிவைத்துக்கொண்ட "நஸீஉ" வழக்கத்தை ஒழிக்கும்போது, காலம் சுழன்று தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று ஓர் அழகான படம். அடுத்த மூச்சிலேயே, ரஜப் என்றால் முளர் குலத்தாரின் ரஜப், ஜுமாதாவுக்கும் ஷஅபானுக்கும் நடுவில் வருவது என்று பத்திரப்பதிவில் நாலு எல்லை எழுதுவதுபோல் துல்லியம். ரஜப் எது என்பதில் குலத்துக்குக் குலம் வேறுபாடு இருந்ததால் அந்த எச்சரிக்கை. கவிதையும் பத்திரமும் ஒரே வாயிலிருந்து!

வேறு குத்பாக்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பஸ்ராவில் 665-இல் ஆளுநர் ஸியாத் பேசியது இறைப்புகழே இல்லாமல் தொடங்கியதால் "பத்ரா", வாலறுந்தது, என்று பெயர் பெற்றது. கூஃபாவில் 694-இல் ஆளுநர் ஹஜ்ஜாஜ் முகத்தை மூடிக்கொண்டு மிம்பரில் ஏறி, வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு கவிதையோடு ஆரம்பித்து, பழுத்துப்போய் அறுவடைக்குக் காத்திருக்கும் தலைகளைப் பற்றிப் பேசினார். எறிவதற்காகக் கல்லைக் கையில் வைத்திருந்தவனின் கைகளிலிருந்து அது தானாக நழுவியது என்பார்கள். மொழியழகில் இரண்டும் சாமானியமில்லை. ஹஜ்ஜாஜிடமும் மௌனம் உண்டு, ஆனால் அது நாக்கை ஒட்டவைக்கும் மௌனம். மினாவின் மௌனமோ கேட்பவனைப் பதில் சொல்ல அழைக்கும் மௌனம். ஒரே உத்தி, இரண்டு உலகம்.

இனி நான் சொல்லத் துடித்த இடம். அரபியில் சொல்வன்மைக்கு "பலாகத்" என்று பெயர். அதன் வேருக்குப் போய்ச்சேர்தல் என்று பொருள். பருவம் எய்திய பிள்ளையை நம் வீடுகளில் பாலிக் ஆகிவிட்டது என்பார்கள், அதே வேர். தப்லீக் அதே வேர். நன்றாகப் பேசுவது என்றால் போய்ச்சேரப் பேசுவது, அவ்வளவுதான். பேருரையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி என்ன? நான் சேர்ப்பித்துவிட்டேனா? அதுவும் அதே வேர். பலாகத் என்ற கலையின் ஒரே தேர்வுக் கேள்வியைப் பேசுபவரே தன்னிடம் கேட்டுக்கொள்கிறார். மதிப்பெண் போடுவது கூட்டம்.

அரஃபாவில், நாளை என்னைப் பற்றி உங்களிடம் கேட்கப்படும், என்ன சொல்வீர்கள் என்று வினவுகிறார்கள். சேர்ப்பித்தீர்கள் என்று சாட்சி சொல்வோம் என்கிறது கூட்டம்: "நஷ்ஹது". உடனே சுட்டுவிரலை வானத்துக்கு உயர்த்தி, மக்களை நோக்கித் தாழ்த்தி, இறைவா நீயே சாட்சியாக இரு என்று மூன்று தடவை: "இஷ்ஹத்". பிறகு, இங்கே இருக்கும் "ஷாஹித்", இல்லாதவருக்கு இதைக் கொண்டுசேர்க்கட்டும் என்ற பொறுப்பு. மூன்றும் ஒரே வேர். அரபியில் ஷாஹித் என்றால் வந்திருப்பவன் என்றும் பொருள், சாட்சி என்றும் பொருள். நம் சாட்சி என்ற சொல்லுக்குள்ளும் கண் இருக்கிறது அல்லவா, அதுபோல. சும்மா வந்து உட்கார்ந்திருந்தவன், எழுந்து போகும்போது சாட்சியாகிவிட்டான். ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே நடந்த காரியம் அது!

இல்லாதவருக்கு என்ன சொல்? "காயிப்". தூரத்தில் இறந்தவருக்காக நாம் காயிப் ஜனாஸா தொழுகிறோமே, அதே சொல். ஸர்ஃப் வகுப்பில் முதல் நாளே அதைப் படித்திருந்தேன். பிற்கால இலக்கணத்தில் படர்க்கைக்குப் பெயரும் காயிப்தான். படர்க்கையை முன்னிலையாக்கு என்று சொன்னதுபோல் எனக்குப் பட்டது. அந்தப் படர்க்கையில் நான் இருந்தேன். தொடையில் கிள்ளு வாங்கித் தூங்கிவழிந்த அந்தப் பையனும் இருந்தான். நேரில் கேட்டவரைவிடக் கேள்விப்பட்டவர் நன்றாக ஏந்திக்கொள்ளவும் கூடும் என்று ஒரு வாக்கியம் வேறு பின்னால் வருகிறது. அதில் வரும் சொல்லின் வேர் பாத்திரம். கேட்பது என்றால் ஏந்துவது. அந்த இடத்தில் கிதாபை மூடிவைத்துவிட்டேன். எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

ஜாபிரின் ஹஜ் ஹதீஸ் நமக்கு வந்த விதத்தைக் கேளுங்கள். ஹுசைன் (ரலி) அவர்களின் பேரர் முஹம்மத் அல்பாகிர், இளைஞராக, முதியவர் ஜாபிரைப் பார்க்கப் போகிறார். ஜாபிருக்கு அப்போது பார்வை போய்விட்டது. யார் வந்திருப்பது என்று கேட்டறிந்து, இளைஞரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கேள் தம்பி என்கிறார். பிறகுதான் முழு ஹஜ்ஜையும் சொல்கிறார். கண் இழந்த ஷாஹித், காயிப் ஒருவரின் நெஞ்சில் கைவைத்துச் சேர்ப்பிக்கிறார்! ஒரே மூலத்தில் கிடைக்காதது குறையில்லை என்று சொன்னேனே, காரணம் இதுதான். ஆளுக்கொரு பிடியாகக் கொண்டுபோ என்பதுதானே அந்தப் பேச்சின் உத்தரவே.

மூன்று மாதம் கழித்து, 632 ஜூனில், நபியவர்கள் மறைந்தார்கள். பேச்சு நிற்கவில்லை. இன்றும் ஒவ்வொரு அரஃபா நாளிலும் மஸ்ஜிதுன் நமிராவில் குத்பா நடக்கிறது. சில ஆண்டுகளாக அது தமிழிலும் ஒலிபரப்பாகிறது. அன்று உரக்கத் திருப்பிச் சொன்ன ரபீஆவின் வேலையை இப்போது ஒலிபெருக்கியும் மொழிபெயர்ப்பாளரும் பார்க்கிறார்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாட்காட்டியில் இருக்கும் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அரபி தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். ஜாபிரின் ஹதீஸில் பேருரைப் பகுதியை மட்டும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சில நிமிடம்தான் ஆகும். பொருள் புரியாவிட்டாலும் "கும்" எத்தனை தடவை விழுகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணிவிட்டு, அங்கே வராத ஒருவருக்குச் சொல்லுங்கள்.